அங்கேயே நின்று சாப்பிடுவதா, கட்டிக்கொண்டு வருவதா? பேக்கரிக்காக ஊர் சுற்றுபவர்கள் பேசலாம்

வண்டிச்சோறு எழுதியது:

புது ஊரில் போய் இறங்கினால் நான் முதலில் விசாரிப்பது, இங்கே நல்ல பேக்கரி எது, அடுப்பிலிருந்து எத்தனை மணிக்கு இறக்குவார்கள் என்பதைத்தான். கோவில், கோட்டை, அருங்காட்சியகம் எல்லாம் அப்புறம். என்னைப் போலச் சாப்பாட்டுக்காகவே பை தூக்குகிறவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பதால் மனதில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்.

லிஸ்பன் போய்வரும் நம்மவர்கள் பலர் பாஸ்டெல் டி நாட்டாவைப் பெட்டி பெட்டியாக வாங்கி விமானத்தில் ஊருக்குக் கொண்டு வருகிறார்கள். தயவுசெய்து வேண்டாம். அது கல்லாவுக்குப் பக்கத்தில் நின்றபடி, விரல் சுடச் சுடச் சாப்பிட வேண்டிய பண்டம்.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். உள்ளங்கைக்குள் அடங்கும் சின்னக் கிண்ணம். கிண்ணம் என்பது கொழுப்புத் தடவி மடித்து மடித்துத் தேய்த்த மாவு. உள்ளே மஞ்சள்கருவும் பாலும் சர்க்கரைப் பாகும் சேர்ந்த கஸ்டர்ட். பாகில் எலுமிச்சைத் தோலும் பட்டையும் போட்டுக் கொதிக்க விட்டிருப்பார்கள். மேலே அங்கங்கே கருகின புள்ளிகள். அந்தக் கருகல் இல்லாவிட்டால் பாதி ருசி போச்சு. வீட்டு அவனில் 250 டிகிரிக்கு மேல் ஏற்றுவது கஷ்டம். கடை அடுப்புகளில் 300 டிகிரியையும் தாண்டிச் சூடு வைக்கிறார்கள். கஸ்டர்ட் இறுகுவதற்குள் மேல்பக்கம் கருகி, அடி மொறுமொறுப்பாகிவிடுவது அதனால்தான்.

சில கடைகளில் மாவு வேலையைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கலாம். நான் காப்பி ஆறிப்போகும் வரை பார்த்துக்கொண்டு நிற்பேன். தேய்த்த மாவைப் பாய் சுருட்டுவது போல இறுக்கிச் சுருட்டி, துண்டு துண்டாக வெட்டுகிறார்கள். ஒவ்வொரு துண்டையும் சுருள் மேலே தெரியும்படி அச்சில் வைத்து, கட்டைவிரலைத் தண்ணீரில் நனைத்து நடுவில் அழுத்தி, அப்படியே விளிம்பு வரை ஏற்றுகிறார்கள். வெந்து வந்ததும் கடித்தால் ஓடு நொறுங்கிச் சட்டையெல்லாம் உதிரும். அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால் அது பழசு, சந்தேகமே வேண்டாம்.

லிஸ்பனின் பெலேம் பகுதியில் ஜெரோனிமோஸ் மடாலயம் இருக்கிறது. போர்ச்சுக்கல் அரசு 1834இல் துறவற மடங்களை மூடியபோது, மடத்தைச் சேர்ந்தவர்கள் பிழைப்புக்காகப் பக்கத்துச் சர்க்கரை ஆலையை ஒட்டிய கடையில் இந்தப் பண்டத்தை விற்கத் தொடங்கினார்கள். 1837இல் அது தனிக் கடையானது. இன்றைக்கும் அங்கேயேதான் இருக்கிறது. பாஸ்டெல் டி பெலேம் என்ற பெயர் அந்த ஒரு கடைக்கு மட்டும் உரியது. மற்ற எல்லாரும் விற்பது நாட்டா. கலவையைத் தனி அறையில் சிலர் மட்டுமே தயாரிக்கிறார்கள், செய்முறை வெளியே வராது. மடங்களில் ஏன் இத்தனை மஞ்சள்கருப் பண்டம் என்று கேட்டால், அங்கிகளுக்குக் கஞ்சி போடவும் ஒயினைத் தெளிய வைக்கவும் வெள்ளைக்கரு போய்விடும், மஞ்சள்கரு மீந்துவிடும், பிரேசிலிலிருந்து சர்க்கரை தாராளமாக வந்தது என்று சொல்வார்கள்.

போகிறவர்களுக்கு: ஊருக்கு நடுவிலிருந்து 15ஆம் எண் டிராம் பெலேமுக்குப் போகும். வாசலில் நீளமான வரிசையைப் பார்த்துப் பயப்படாதீர்கள், அது பெரும்பாலும் கட்டிக்கொண்டு போகிறவர்களின் வரிசை. உள்ளே நீல ஓடு பதித்த கூடங்கள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டே இருக்கும், உட்கார இடம் கிடைக்கும். மேசையில் பட்டைத்தூளும் பொடித்த சர்க்கரையும் இருக்கும். பட்டைத்தூளைத் தாராளமாகத் தூவுங்கள். கூட ஒரு பிக்கா சொல்லுங்கள், லிஸ்பன்காரர்கள் எஸ்பிரஸ்ஸோவை அப்படித்தான் கேட்பார்கள். அவ்வளவு தூரம் போக நேரமில்லை என்றால் ஷியாடுவில் மான்டெய்காரியா என்ற கடை இருக்கிறது. புதுத் தட்டு அடுப்பிலிருந்து வந்ததும் மணி அடிப்பார்கள். மணிச்சத்தம் கேட்டதும் உள்ளே போய்விடுங்கள். சரி, இப்படி அந்த இடத்தை விட்டு நகர்த்தக் கூடாத பண்டம் உங்களுக்கு எது?


ஜி.சி.ரோடு எழுதியது:

அண்ணாச்சி, நாட்டாவுக்கு நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் "கட்டிக்கொண்டு வராதீர்கள்" என்பதைப் பொது விதியாக்க விடமாட்டேன். நான் தூத்துக்குடி. எங்கள் ஊர் மக்ரூன் கட்டிக்கொண்டு போவதற்காகவே பிறந்தது.

ராத்திரி முத்துநகர் எக்ஸ்பிரஸ் புறப்படும் நேரத்தில் பிளாட்பாரத்தில் நின்று பாருங்கள். சென்னைக்குப் போகிறவர்கள் கையில் அட்டைப்பெட்டி இருக்கும். சூட்கேஸைச் சீட்டுக்கு அடியில் தள்ளிவிட்டு, மக்ரூன் பெட்டியை மட்டும் மடியிலோ தலைமாட்டிலோ வைத்துக்கொள்வார்கள். வெளியூரில் வேலை பார்க்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை லீவு முடிந்து வெறுங்கையோடு ஆபீசுக்குப் போக முடியாது. "மக்ரூன் எங்கே?" என்றுதான் முதல் கேள்வி. நாலு பேருக்குக் கொடுத்து, அவர்கள் வாயில் போட்டதும் முகம் மாறுவதைப் பார்ப்பதில் உள்ள சந்தோஷம், தனியாகக் கல்லாவுக்குப் பக்கத்தில் நின்று சாப்பிடுவதில் கிடைக்குமா?

பாரிஸ் கடைகளில் கலர் கலராக இரண்டு வட்டத்துக்கு நடுவே கிரீம் வைத்து விற்பார்களே, அது வேறு. எங்களுடையது வெள்ளைக்கரு, சர்க்கரை, முந்திரி, அவ்வளவுதான். வெள்ளைக்கருவில் சொட்டு மஞ்சள்கூடக் கலக்கக் கூடாது. பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. சர்க்கரையைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து அடித்துக்கொண்டே இருந்தால் பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத பதம் வரும். கடைசியில்தான் முந்திரித்தூள். அதையும் அடித்துக் கலக்காமல் மெதுவாகப் புரட்டிவிட வேண்டும், இல்லாவிட்டால் நுரை அமுங்கிவிடும். அப்புறம் கூம்பில் நிரப்பிச் சுற்றிப் பிழிந்து மேலே ஒரு மூக்கு எடுப்பார்கள். தேர்ந்த கை பிழிவதைப் பார்த்தால் தட்டில் எல்லா மூக்கும் ஒரே உயரத்தில் நிற்கும். பழைய விறகு அடுப்பில் ரொட்டி, பன் வேலையெல்லாம் முடிந்த பிறகு மிஞ்சும் இளஞ்சூட்டில் விடிய விடிய வைத்து எடுப்பதுதான் முறை. சூடு கூடினால் நிறம் மாறிவிடும். இதில் வேகவைப்பதைவிட உலர்த்துவதுதான் பெரிய வேலை.

போர்ச்சுக்கீசியர் வழியாக வந்த பண்டம் என்றுதான் ஊரில் பரம்பரையாகச் சொல்கிறார்கள். 16ஆம் நூற்றாண்டில் முத்துக்குளித்துறைக்கு அவர்கள் வந்தது எல்லாருக்கும் தெரியும். ஐரோப்பாவில் பாதாம் போட்டுச் செய்வதை இங்கே முந்திரி போட்டுச் செய்கிறோம். அந்த முந்திரி மரத்தையே பிரேசிலிலிருந்து இந்தியாவுக்குக் கொண்டுவந்தவர்கள் போர்ச்சுக்கீசியர்தான். ஆகஸ்டு 5ஆம் தேதி பனிமய மாதா திருவிழாவுக்கு வருகிறவர்கள் ஊர் திரும்பும்போது பேக்கரிகளில் நிற்க இடம் இருக்காது.


வண்டிச்சோறு எழுதியது:

ஜி.சி.ரோடு, நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு ஒன்று பளிச்சென்று பட்டது. அங்கே மடத்தில் வெள்ளைக்கரு துணிக்குப் போய், மஞ்சள்கரு நாட்டா ஆனது. இங்கே வெள்ளைக்கரு மட்டும் எடுத்து மக்ரூன். ஒரே முட்டையின் இரண்டு பாதிகள். மஞ்சள்கருப் பண்டத்தை அங்கேயே சாப்பிட வேண்டும், வெள்ளைக்கருப் பண்டத்தைக் கட்டிக்கொண்டு வரலாம் என்று வைத்துக்கொள்ளலாமா?

ஆனால் ஒன்றை விட்டுக்கொடுக்க மாட்டேன். மக்ரூனையும் தூத்துக்குடியில் அன்றைக்குச் செய்ததை அன்றைக்கே கடித்தால் வேறு ருசிதான். வெளிப்பக்கம் மெல்லிசாக உடைந்து, நடுவில் லேசாக ஒட்டும் ஒரு பதம் இருக்கும். சென்னைக்கு வந்து சேர்ந்த பிறகு அந்தப் பதம் எனக்குக் கிடைப்பதில்லை.


கொங்கண்வழி எழுதியது:

மஞ்சள்கரு–வெள்ளைக்கரு விதி கோவாவில் நிற்காது. பெபிங்கா சாப்பிட்டிருக்கிறீர்களா? முழுக்க மஞ்சள்கரு, தேங்காய்ப்பால், சர்க்கரை, நெய், கொஞ்சம் மைதா, ஜாதிக்காய். ஒரு அடுக்கு ஊற்றி, மேலிருந்து தணல் சூடு காட்டி, அது சிவந்ததும் நெய் விட்டு அடுத்த அடுக்கு. வழக்கமாக ஏழு அடுக்கு, அதற்கு மேலும் செய்வார்கள். அவசரப்பட்டால் அடுக்கு ஒட்டிக்கொண்டுவிடும், அரை நாள் அடுப்படியில்தான். 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதை மட்காவ் ஸ்டேஷனிலிருந்து மூட்டை கட்டி நாகர்கோவில் வரை கொண்டுவந்து வீட்டில் நாள் கணக்கில் வைத்துச் சாப்பிட்டிருக்கிறோம். ஒன்றும் ஆகாது. மறுநாள் இன்னும் ருசி.


கொழும்புக்காரி எழுதியது:

எங்கட லவ் கேக்கும் அப்படித்தான். ரவை, பொடியாக வெட்டின கஜு (முந்திரி), பூசணித் தோசி (சீனிப் பாகில் ஊறின பூசணி), ரோசாப் பன்னீர், தேன், ஏலம், ஜாதிக்காய், கனக்க மஞ்சள்கரு. வெள்ளைக்கரு கொஞ்சம்தான் போகும். இதுவும் போர்ச்சுக்கீசர் காலத்தோடு தொட்ட பண்டம் என்றுதான் சொல்லுவினம். நத்தாருக்குக் கிழமைக்கணக்கில் முன்னமே செய்து டின்னில் போட்டு வைப்பம். வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகளுக்குப் பார்சலிலும் போகும். எங்கட அம்மம்மா செய்தால் மேல்பக்கம் தட்டினால் சத்தம் கேட்கும், உள்ளே கத்தி வைத்தால் ஒட்டும். இரண்டும் சேர்ந்து வந்தால்தான் அவவுக்குத் திருப்தி.

ஆனால் இடத்தை விட்டு நகர்த்தக் கூடாதது எது என்று வண்டிச்சோறு கேட்டதுக்கு என்னட்டப் பதில் இருக்கு: மாலுபான். முக்கோணமாக மடித்த பணிஸ் (பன்), உள்ளே மிளகுத்தூள் போட்டுப் பிரட்டின மீனும் உருளைக்கிழங்கும். கொழும்பில தேத்தண்ணிக் கடையில போய் இருந்தால், கேளாமலே ஒரு தட்டு நிறைய மாலுபான், ரோல்ஸ், பற்றிஸ், கட்லட் எல்லாம் கொண்டுவந்து முன்னால வைப்பினம். விரும்பினதைச் சாப்பிட்டால் சரி, எழும்பேக்க எண்ணிக் காசு எடுப்பினம். சின்ன வயசில அந்தத் தட்டு வந்து மேசையில இருக்கிற நேரம் எனக்குப் பெருநாள். அதைப் பார்சல் கட்டினால் பை வேர்த்து, பணிஸ் பிசுபிசுத்துப் போகும். பிறகு அது வேற சாமான்.

கொழும்பில காலமை ஆட்டோவில பாண் (ரொட்டி) வரும், சூன் பாண் என்று சொல்லுவம். பீத்தோவனின்ர 'ஃபியூர் எலீஸ்' இசை தூரத்தில கேட்டாலே சனம் காசோடு கேற்றடிக்கு வந்திடும். சீனி தூவின கிம்புலா பணிஸ் சூடாகக் கிடைச்சால் அந்த நாள் நல்ல நாள். கொழும்புக்குச் சுற்றுலா போறவை ஹோட்டல் காலைச் சாப்பாட்டை விட்டிட்டு இதை ஒருக்கா வாங்கிச் சாப்பிடுங்கோ.


அடுமனைப்பிள்ளை எழுதியது:

கேட்டரிங் படித்துவிட்டு ஒரு பேக்கரியில் வேலை பார்க்கிறேன், அதனால் இடையில் வருகிறேன். மஞ்சளா வெள்ளையா என்பதில் இல்லை விஷயம். தண்ணீர் எங்கே இருக்கிறது என்று பாருங்கள்.

நாட்டாவில் ஈரமான கஸ்டர்டும் காய்ந்த ஓடும் ஒட்டிக்கொண்டு இருக்கின்றன. அடுப்பை விட்டு இறங்கிய நிமிடத்திலிருந்து கஸ்டர்டின் ஈரம் ஓட்டுக்குள் இறங்க ஆரம்பிக்கிறது. கூடவே, சூட்டில் உருகியிருந்த கொழுப்பு ஆறும்போது உறைகிறது. சில மணி நேரத்தில் ஓடு தோல் மாதிரி இழுக்கும். மூடிய டப்பாவில் போட்டால் இன்னும் சீக்கிரம், ஏனென்றால் ஆவி வெளியே போக வழியில்லை. மாலுபானுக்கும் நம் ஊர் எக் பப்ஸுக்கும் அதே கதைதான்.

பெபிங்காவிலும் லவ் கேக்கிலும் காய்ந்த ஓடு என்று தனியாக ஒன்று இல்லை, கெட்டுப்போக மொறுமொறுப்பும் இல்லை. சர்க்கரையும் தேனும் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்வதால் பூஞ்சணமும் சீக்கிரம் வராது. ஊறுகாயில் உப்பு செய்கிற வேலையை இங்கே சர்க்கரை செய்கிறது.

மக்ரூனில் தண்ணீரே கிட்டத்தட்ட இல்லை. அதற்கு ஆபத்து வெளியிலிருந்து வருகிறது. சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். மழைக்காலத்தில் டப்பாவைத் திறந்து வைத்தால் ஒரே ராத்திரியில் பிசுபிசுத்துவிடும். அதனால் காற்றுப் புகாத டின். ஃபிரிட்ஜில் வைக்கவே வைக்காதீர்கள். வெளியே எடுத்ததும் வியர்த்துவிடும்.

நாட்டாவை அறைக்குக் கொண்டுபோய்த்தான் சாப்பிட முடியும் என்றால் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ஓடு ரப்பராகும். சூடான அவனில் 200 டிகிரியில் சில நிமிடம். பழைய ருசி முழுசாக வராது, ஆனால் ஓட்டுக்குக் கொஞ்சம் உயிர் வரும்.


வண்டிச்சோறு எழுதியது:

நன்றி தம்பி. இத்தனை நாள் நாக்கு சொன்னதற்குக் காரணம் இப்போதுதான் விளங்குகிறது. மஞ்சள்கரு விதியைக் கைவிட்டேன், ஈர விதி பிடித்திருக்கிறது. மொறுமொறுப்பும் ஈரமும் ஒரே பண்டத்தில் இருந்தால் அங்கேயே நின்று சாப்பிட வேண்டியதுதான்.


சிறுவாணித்தண்ணி எழுதியது:

கோவையிலிருந்து கொஞ்ச தூரம்தான், தலச்சேரி போய்ப் பாருங்கள். மலபார் மாப்பிளா முஸ்லிம் வீட்டு விருந்துகளில் முட்டமாலை என்று ஒன்று வைப்பார்கள். மஞ்சள்கருவை மட்டும் எடுத்து, ஓட்டை போட்ட சிரட்டை வழியாகக் கொதிக்கும் சர்க்கரைப் பாகில் நூல் நூலாக ஊற்றி எடுப்பது. மீந்த வெள்ளைக்கருவை வீணாக்காமல் பாகோடு சேர்த்து அடித்து ஆவியில் வேகவைத்து, வெட்டி அதே தட்டில் வைத்துவிடுவார்கள். வண்டிச்சோறு சொன்ன முட்டையின் இரண்டு பாதியும் ஒரே தட்டில்! போர்ச்சுக்கலில் இதே நூல் பண்டம் ஃபியோஸ் டி ஓவோஸ். தாய்லாந்தில் ஃபோய் தோங். போர்ச்சுக்கீசியக் கப்பல் போன இடமெல்லாம் இந்த மஞ்சள் நூல் இருக்கிறது.

தலச்சேரி பேக்கரிக்கும் பேர்போன ஊர். இந்தியாவின் முதல் கிறிஸ்துமஸ் கேக்கை 1883இல் மாம்பள்ளி பாப்பு அங்கேதான் செய்தார் என்பார்கள். அந்த ஊர்க் கடற்கரைப் பக்கம் ஒரு நடை நடந்துவிட்டு, சாயங்காலம் பேக்கரி பேக்கரியாக ஏறி இறங்குவதுதான் எங்கள் வீட்டு விடுமுறை.


துளசிமாடம் எழுதியது:

எல்லாரும் எழுதுவது ஆசையாக இருக்கிறது, ஆனால் எங்கள் வீட்டில் முட்டை சேர்ப்பதில்லை. எங்களைப் போன்றவர்கள் பயணத்தில் நம்பிச் சாப்பிட எதுவும் இல்லையா? அடுத்த மாதம் பாரிஸ் போகிறோம், அங்கே குரோசாங் சாப்பிடலாமா?


லாசப்பல்வாசி எழுதியது:

அக்கா, குரோசாங் மாவுக்குள்ள வழக்கமாக முட்டை இல்லை. மாவு, வெண்ணெய், பால், ஈஸ்ட், சீனி, உப்பு. ஆனால் மினுங்கிறதுக்காக மேல்பக்கம் முட்டை பூசித்தான் அடுப்பில வைப்பினம். முட்டை வேண்டாம் என்றால் அதை விட்டிடுங்கோ. பாகெத் எடுங்கோ, நீட்டான பிரெஞ்சுப் பாண். பிரான்ஸில 1993இலிருந்து சட்டமே இருக்கு: 'டிராடிசியோன்' என்று விற்கிற பாணுக்குள்ள மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் அல்லது புளித்தமாதான் அடிப்படை, வேற சேர்மானம் ஒன்றிரண்டை மிகக் கொஞ்சமாகத்தான் விடுவினம், பதப்படுத்துற மருந்து கூடவே கூடாது. கடையில "யூன் டிராடிசியோன்" என்று கேட்டால் போதும், கூடக் கொஞ்சம் வெண்ணெயும் சீஸும். இதைவிட நல்ல காலைச் சாப்பாடு எனக்குத் தெரியாது.

இன்னொரு விசயம் கவனியுங்கோ. 1998ஆம் ஆண்டுச் சட்டப்படி, பாணை அந்த இடத்திலேயே பிசைந்து சுட்டு விற்கிற கடைதான் வாசலில் 'பூலஞ்சரி' என்று போடலாம். உறைந்த மாவை வாங்கிச் சூடாக்கி விற்கிறவை அந்தப் பெயரைப் போட ஏலாது. கார் து நோர் ஸ்டேசனுக்குள்ள அவசரத்தில வாங்காமல், வெளியே வந்து இரண்டு தெரு நடந்து அந்தப் போர்ட்டைத் தேடுங்கோ. காலமை 7 மணிக்கு முன்னம் போனால் கடதாசிப் பை ஊடாகச் சூடு கைக்குத் தெரியும். நான் வேலைக்குப் போகேக்க பாகெத்தின்ர முனையை முறிச்சு வாயில போட்டபடிதான் மெட்ரோவுக்கு இறங்குவன். இங்க எல்லாரும் அப்படித்தான்.

எங்களுக்கு ஒரு பெருமையும் இருக்கு. 2023இல் பாரிசின் மிகச் சிறந்த பாகெத்துக்கான பரிசு தர்ஷன் செல்வராஜா என்ற எங்கட ஆளுக்குக் கிடைச்சது, 20ஆம் வட்டாரத்தில கடை. பரிசு எடுத்தவர் ஒரு வருசம் எலிசே மாளிகைக்கு, அதாவது சனாதிபதி வீட்டுக்கு, பாண் கொடுக்க வேணும். இலங்கையில இருந்து வந்து, இங்க வேலை பழகி, அந்த மாளிகைக்குப் பாண் கொண்டுபோனதை நினைச்சால் எனக்கு இப்பவும் நெஞ்சு நிறையும். பாரிஸ் பேக்கரிகளின்ர அடுப்படியில எங்கட பொடியள் எத்தனையோ பேர் விடியப்புறம் எழும்பி வேலை செய்யினம். சனம் எழும்ப முன்னம் மா பிசையிற கை அது.


வண்டிச்சோறு எழுதியது:

லாசப்பல்வாசி, கடைசிப் பத்தியை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். அடுத்த முறை பாரிஸ் போனால் 20ஆம் வட்டாரத்தில்தான் முதல் காலை.

துளசிமாடம், நம் பக்கமே முட்டையில்லாத பேக்கரிப் பண்டம் நிறைய உண்டு. ஐயங்கார் பேக்கரிகளை மறந்துவிட்டீர்களா? பெங்களூரில் தெருவுக்குத் தெரு. ஹாசன் மாவட்டத்துக் குடும்பங்கள் வந்து பரப்பியவை, முட்டை கிடையாது. சாயங்காலம் தேங்காய் பன்னை அடுப்பிலிருந்து இறக்கி வெட்டும்போது ஏலக்காய் மணம் தெருமுனை வரை வரும். அப்புறம் காரப் பன், வெண்ணெய் தடவி இரண்டாகப் பிளந்து கொடுப்பார்கள். நான் மைசூர் வண்டிக்குக் காத்திருக்கும் நேரமெல்லாம் அதோடுதான். ஒன்று மட்டும் கவனம்: போர்ச்சுக்கலில் மடத்து இனிப்புகள் சிலவற்றில் பன்றிக்கொழுப்பும் சேரும். தூசிஞ்ஞோ டு செயு என்ற பாதாம் கேக் அதில் பேர்போனது. அங்கே போனால் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள்.


குன்னூர்மேகம் எழுதியது:

ஊட்டி வர்க்கியை ஒருவரும் சொல்லவில்லையே. விறகு அடுப்பில் சுட்டு எடுத்த வர்க்கி, மழை தூறும் சாயங்காலம், சூடான டீ. டீயில் முக்கினால் கரைந்து விழுவதற்குள் வாய்க்குப் போக வேண்டும். மேட்டுப்பாளையம் இறங்கினதும் அதே வர்க்கி நமத்துப்போய்விடும். கோவைக்குக் கொண்டுபோகும் என் தங்கை, வீட்டுக்குப் போனதும் தோசைக்கல்லைச் சூடாக்கி அடுப்பை அணைத்துவிட்டு அதன்மேல் பரப்பி வைப்பாள். முக்கால்வாசி மொறுமொறுப்பு திரும்பிவிடும். முட்டை சேர்க்காத கடைகளும் உண்டு, கேட்டு வாங்கலாம்.


தோபாயோதேத்தண்ணி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து. நாட்டாவுக்கு ஆசியாவில் இரண்டாம் வீடு மக்காவ். கொலோவான் கிராமத்தில் ஆண்ட்ரூ ஸ்டோ என்ற ஆங்கிலேயர் 1989இல் லார்டு ஸ்டோஸ் பேக்கரியைத் திறந்தார். லிஸ்பனில் சாப்பிட்டது மனதை விட்டுப் போகாமல், தன் ஊர்க் கஸ்டர்ட் பாணியில் இனிப்பைக் குறைத்துச் செய்து பார்த்தார். அது ஹாங்காங், தைவான் வரை பரவியது. பிறகு கேஎஃப்சி வரைக்கும் எக் டார்ட் வந்துவிட்டது. 2006இல் அவர் காலமானார், கடை இருக்கிறது.

ஹாங்காங் டார்ட் வேறு ரகம். கருகல் கிடையாது, மேல்பக்கம் மஞ்சளாகப் பளபளக்கும், லேசாக ஆட்டினால் குலுங்கும். தாய் சியோங் பேக்கரியுடையது கடைசி பிரிட்டிஷ் ஆளுநர் கிறிஸ் பேட்டனுக்கு ரொம்பப் பிடிக்கும் என்று ஊரே சொல்லும். நான் இரண்டையும் ஒரே பயணத்தில் சாப்பிட்டேன். என் ஓட்டு கொலோவானுக்கு. அந்தக் கடைக்குப் பக்கத்தில் தண்ணீரோரம் கல்பெஞ்சு இருக்கிறது, அங்கே உட்கார்ந்து சாப்பிட வேண்டும். வண்டிச்சோறு சொன்னது இதற்கு அப்படியே பொருந்தும். படகேறி ஹாங்காங் திரும்புவதற்குள் என் பெட்டியில் இருந்தது சோர்ந்துவிட்டது.


கரிசல்வண்டி எழுதியது:

நீங்கள் எல்லாரும் கப்பலிலும் விமானத்திலும் போகிறீர்கள். எனக்கு மதுரையிலிருந்து தெற்கே பஸ் போதும். சாத்தூர்ச் சேவு, கோவில்பட்டிக் கடலைமிட்டாய், வழியை விட்டுக் கொஞ்சம் மேற்கே விலகினால் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவா, கடைசியில் தூத்துக்குடி மக்ரூன். ஒரே பகலில் இத்தனை. கடலைமிட்டாய்க்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பால்கோவாவை மட்டும் இலையில் வைத்து இளஞ்சூட்டில் அங்கேயே சாப்பிடுங்கள், மற்றதெல்லாம் பைக்குள் போகட்டும்.


நெல்லைப்பேத்தி எழுதியது:

எனக்கு ஒரு உதவி வேண்டும். அடுத்த வாரம் தூத்துக்குடி போய்விட்டு ராத்திரி வண்டியில் சென்னை திரும்புகிறேன். தாத்தாவுக்கு மக்ரூன் என்றால் உயிர். அந்தக் காலத்தில் துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இப்போது பல் இல்லை, எதையும் கடிக்க முடியாது. வாங்கிப் போகலாமா, மனசு கஷ்டப்படுவாரா? மழை வேறு பெய்கிறது.


ஜி.சி.ரோடு எழுதியது:

தாராளமாக வாங்கிப் போங்கம்மா. மக்ரூனுக்குப் பல் தேவையே இல்லை. நாக்கில் வைத்து வாயை மூடினால் தானாகக் கரையும், கடைசியில் முந்திரித்தூள் மட்டும் மணல் மணலாக நிற்கும், அதையும் தண்ணீர் குடித்து இறக்கிவிடலாம். சர்க்கரை வியாதி இருந்தால் மட்டும் அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள், பெரும்பகுதி சர்க்கரைதான்.

வண்டிக்குப் போகும் வழியில் கடைசியாக வாங்குங்கள், காலையிலேயே வாங்கி அறையில் வைக்க வேண்டாம். இன்றைக்குப் போட்டதா என்று கேளுங்கள், தயங்காமல் சொல்வார்கள். மழைக்காலம் என்பதால் அட்டைப்பெட்டியை நம்பாமல் வீட்டிலிருந்து இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பா ஒன்று கொண்டு போங்கள். உள்ளே அடியிலும் மேலேயும் காகிதம். நிறைத்து அமுக்காதீர்கள், மூக்கு உடைந்துவிடும். வண்டியில் டப்பாவைத் திறந்து பார்க்கவும் வேண்டாம். காலையில் எழும்பூரில் இறங்கி வீட்டுக்குப் போனதும் முதல் ஆளாகத் தாத்தா திறக்கட்டும். துறைமுகத்தில் எந்தப் பக்கம் வேலை பார்த்தார் என்று கேட்டு இங்கே எழுதுங்கள். என் அப்பாவும் அங்கேதான் இருந்தார்.